ஓவர் பில்டப் கொடுத்து கடைசியில் கைவிட்ட கேம்கள்: உங்களை அதிகமாக ஏமாற்றியது எது?

#1 வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம், இன்றைக்கு எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். வருஷக்கணக்கில் ட்ரெய்லர் காட்டி, பேட்டி கொடுத்து, நம்மை நாள் எண்ண வைத்து, கடைசியில் வந்தபோது சப்பென்று போன கேம்களைப் பற்றித்தான் இந்த இழை. வெறுமனே மோசமான கேம் என்றால் அது வேறு கணக்கு, அப்படி ஆயிரம் இருக்கிறது, அதற்காக யாரும் தூக்கம் கெட்டதில்லை. வாயால் சொன்னதும் கையில் கொடுத்ததும் வேறு வேறாக இருந்த கேம்களைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஜிடிஏ ட்ரைலஜி டெஃபனிட்டிவ் எடிஷன், 2021 நவம்பர் 11.

என் வயசுக்காரர்களுக்கு வைஸ் சிட்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய், ஒரே சிஸ்டத்தில் மூன்று பேர். ஒருத்தன் கீபோர்டு, ஒருத்தன் மவுஸ், மூன்றாமவன் கேமில் குறுக்குவழி தருகிற சீட் கோடு எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்வான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, கணக்கு நோட்டின் கடைசி இரண்டு பக்கம், மழையில் நனைந்து மை ஊறிப்போய். அந்த வைஸ் சிட்டியையும், சான் ஆண்ட்ரியாஸையும், ஜிடிஏ 3-ஐயும் புதுசாக மெருகேற்றித் தருகிறோம் என்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

வந்ததும் முதலில் எல்லோர் கண்ணையும் குத்தியது மழை. தடித்தடியாக வெள்ளைக் கோடுகள், திரை முழுக்க, எதிரே வருகிற வண்டி தெரியாது. நம் ஊர் ஐப்பசி மழையில் சைக்கிள் ஓட்டியவனுக்குத் தெரியும், மழை பிடித்தால் முதலில் தூரம் மங்கும், பக்கத்தில் இருக்கிறது தெளிவாகவே இருக்கும். இதில் அப்படியே தலைகீழ். தூரத்து மூடுபனியை எடுத்துவிட்டார்கள், அதனால் சான் ஆண்ட்ரியாஸில் மலை மேல் ஏறி நின்றால் மொத்த மாநிலமும் ஒரு தெரு மாதிரி சின்னதாகத் தெரிந்தது. அந்தப் பனிதான் அந்த மேப்பைப் பெரிசாகக் காட்டியிருக்கிறது என்பதே அதை எடுத்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது. டோனட் கடை மேல் இருக்கிற பெரிய நட்டு இருக்கிறதே, ஸ்பானர் போட்டுத் திருகுகிற ஆறு மூலை நட்டு, அதை வழவழப்பாக்குகிறேன் என்று மூலையெல்லாம் சீவி வட்டமாக்கிவிட்டார்கள். கடைப் பெயரே ‘டஃப் நட்’. செய்தவர்கள் அந்தப் போர்டை ஒரு தடவை வாசித்திருந்தால்கூட அப்படி விட்டிருக்க மாட்டார்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், புதுசு வரும் முன்பே பழைய மூன்றையும் விற்பனையில் இருந்து தூக்கிவிட்டார்கள். சத்தம் அதிகமான பிறகுதான் ஜிடிஏ கம்பெனியான ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழையதை பிசிக்குத் திரும்பக் கொடுத்தது. வெளிச்சத்தையும் வானத்தையும் பழையபடி ஆக்கும் பெரிய பேட்ச் வந்தது 2024 நவம்பரில். மூன்று வருஷம்.

அடுத்தவர் சொல்லுங்கள்.

#2 மன்னை மாப்ளே

அண்ணே, அந்த சென்டரில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் எங்கள் காலத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக்.

என்னுடையது எல்லோரும் சொல்லப்போகிறதுதான், சைபர்பங்க் 2077. 2013 ஜனவரியில் முதல் டீசர் வந்தபோது நான் ஆறாவது படிக்கிறேன். 2019 ஜூனில் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் இந்த கேமுக்காக மேடைக்கு வந்தபோது காலேஜில் சேர்ந்த புதிது. 2020 ஏப்ரல் 16 என்றார்கள், செப்டம்பர் 17 என்றார்கள், நவம்பர் 19 என்றார்கள், கடைசியில் டிசம்பர் 10. அந்த டிசம்பர் முதல் வாரம் புரெவி மழை, எங்கள் பக்கம் சம்பா முழுக்கத் தண்ணீரில் நின்றது. அப்பாவும் நானும் வடிகாலில் அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, ராத்திரி போனில் நாள் எண்ணிக்கொண்டிருப்பேன். என்னிடம் விளையாட மெஷினே கிடையாது, தஞ்சாவூரில் மாமா பையனிடம் சோனியின் பிஎஸ்4 கேம் கன்சோல் இருந்தது, பொங்கலுக்குப் போய் விளையாடுவதாகத் திட்டம்.

80 லட்சம் பேர் முன்கூட்டியே காசு கட்டியிருந்தார்கள். வந்த ஒரே வாரத்தில் சோனி தன் கடையில் இருந்தே அதை எடுத்துவிட்டது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். அந்த அளவு பெரிய கேமுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. பிழைகளைக்கூட நான் மன்னிப்பேன். பிழைக்கு மேலே ஒரு விஷயம் இருக்கிறது, விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது பிசி பதிப்பை மட்டும், அதிலும் அவர்களே எடுத்த வீடியோவைக் காட்டக்கூடாது என்று நிபந்தனை. பிஎஸ்4-ல் எப்படி ஓடுகிறது என்று வெளியாகும் நாள் வரை வாங்குகிறவனுக்குத் தெரிய வழியே இல்லை. அது தெரியாமல் நடந்ததாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

#3 கடைமடை (வேதாரண்யம் பக்கம்)

நோ மேன்ஸ் ஸ்கை. 2016 ஆகஸ்டு.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இந்த விஷயம் சீக்கிரம் புரியும். ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பரில் படம் வரும், மதகில் பூ தூவுவார்கள், நாலு நாளில் கல்லணையும் திறந்தாச்சு என்பார்கள். தஞ்சாவூர்க்காரர் நாற்று விட ஆரம்பித்துவிடுவார். எங்கள் வாய்க்காலில் வெடிப்பு அப்படியே இருக்கும். ஆறு நனைந்து, பெரிய வாய்க்கால் நனைந்து, கிளை வாய்க்கால் நனைந்து, கடைசியில் எங்கள் மடைக்குத் தண்ணீர் வருகிற அன்றைக்குத்தான் எங்களுக்குத் திறந்த நாள். அதனால் அறிவிப்பைப் பார்த்து விதை ஊறப்போட மாட்டோம். கேம் விஷயத்தில் மட்டும் நான் அந்தப் புத்தியை விட்டுவிட்டேன்.

இங்கிலாந்தில் ஒரு சின்னக் குழு, ஹலோ கேம்ஸ், 2013 டிசம்பரில் அறிவித்தார்கள். 1.84 லட்சம் கோடி கோடிக்கு மேல் கிரகங்கள், இரண்டை 64 தடவை பெருக்கினால் வருகிற எண்ணிக்கை. ஒவ்வொன்றும் கணக்கு போட்டு அந்த நொடியில் உருவாகும், யாரும் கையால் வரைந்தது இல்லை. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகச் சொல்கிறேன். இன்னொரு ஆளைச் சந்திக்க முடியுமா என்று கேட்டதற்கு, முடியும், ஆனால் இடம் அவ்வளவு பெரிசு என்பதால் நடப்பது அபூர்வம் என்கிற மாதிரி பதில் வந்துகொண்டிருந்தது. வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள், ஒருத்தர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. அவ்வளவு பெரிய இடத்தில் தேடிப் போய் நின்ற இரண்டு பேரை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது.

#4 திருவையாறு டெஸ்டர் (இப்போது சென்னை)

நான் டெஸ்டிங் வேலையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், கேம் இல்லை, வங்கி மென்பொருள். ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் மாப்ளே சொன்னதற்கு ஒரு பதில்.

2021 ஜனவரியில் சைபர்பங்க் செய்த கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், மார்சின் இவின்ஸ்கி, வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். பழைய கன்சோல்களில் நகரத்தைத் துண்டு துண்டாக ஏற்றி இறக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்பது அவர் சொன்ன காரணம். இது என்ன என்றால், மொத்த நகரமும் மெமரியில் ஒரே நேரத்தில் கொள்ளாது. நீங்கள் வண்டியில் போகப் போக, முன்னால் இருக்கிற தெருவை டிஸ்க்கில் இருந்து எடுத்து வைக்க வேண்டும், பின்னால் விட்டதைத் தூக்கிப் போட வேண்டும். பிஎஸ்4 2013-ல் வந்த மெஷின், உள்ளே இருந்தது சுழலுகிற ஹார்டு டிஸ்க். பந்தியில் இலை போட்டு ஆள் உட்கார்ந்தாச்சு, சோறு வைத்தாச்சு, சாம்பார் வாளி இன்னும் கொட்டகையில் இருந்து வரவில்லை என்று வையுங்கள், அதேதான். கட்டிடம் களிமண் உருண்டை மாதிரி நிற்கும், கொஞ்சம் கழித்து ஜன்னல் வரும்.

அதே வீடியோவில், நீங்கள் பார்த்த பிரச்சினைகளில் பெரும்பகுதி எங்கள் சோதனையில் தெரியவில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. டெஸ்டர் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்வது சுலபம். எங்கள் வேலையில் நாங்கள் கண்டுபிடித்து எழுதியது அப்படியே வரிசையில் காத்துக் கிடக்கும், மேலே இருக்கிறவர் தேதியைப் பார்ப்பார். கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிட யாருக்கு மனசு வரும்?

இன்னொன்று, இது நான் ஆபீசில் புதுப் பையன்களுக்குச் சொல்கிற கதை. 2013-ல் ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ் என்று ஒன்று வந்தது. முன்னால் காட்டிய டெமோ ஒரு தரம், விற்றது வேறு தரம், அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அதில் ஏலியன்கள் மந்தமாக நேரே ஓடிவரும், சுற்றி வளைக்கத் தெரியாது. ஐந்து வருஷம் கழித்து ஒருத்தர் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கிறார். ஆங்கிலத்தில் கட்டுக்கயிறு என்று பொருள்படும் ‘டெதர்’ என்ற சொல், ஓர் இடத்தில் ஒரு ‘ஏ’ கூடுதலாக விழுந்து தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒற்றை எழுத்தை அழித்ததும் ஏலியன்கள் பக்கவாட்டில் வர ஆரம்பித்தன. கேமின் எல்லாக் குறையும் அந்த எழுத்தால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்த அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல், நான் அந்த வாரம் பார்த்த கோப்புகளை மறுபடி திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

#5 அரசலாறு

நான் கும்பகோணத்தில் பிளஸ் டூ உயிரியல் டீச்சர். ஸ்போர் என்று யாராவது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன், சொல்லவில்லை, எல்லோரும் சின்னப் பிள்ளைகள் போல.

வில் ரைட், சிம்சிட்டி செய்தவர், 2005-ல் ஒரு மாநாட்டில் செய்து காட்டிய வீடியோவை நான் பி.எட் படிக்கும்போது பார்த்தேன். ஒரு செல்லில் ஆரம்பித்து, தண்ணீருக்குள் நீந்தி, கரையேறி, கூட்டமாகி, ஊராகி, விண்வெளிக்குப் போவது வரை ஒரே கேம். மூன்று கால் வைத்து ஒரு பிராணி செய்தார், அது எப்படி நடக்க வேண்டும் என்பதை கம்ப்யூட்டரே கண்டுபிடித்து நடந்தது. பரிணாமத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

2008 செப்டம்பரில் வந்தது. அந்த நீருக்கடி கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சரி போகட்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நீளமான ஆறு கால் வைத்து ஒரு பிராணி செய்தேன், இது வேகமாக ஓட வேண்டும் என்பது என் கணக்கு. அடுத்து இரண்டே குட்டைக் கால் வைத்து, அதே பாதத்தை ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே வேகம். ஏனென்றால் வேகம் பாதம் என்கிற உறுப்பின் மதிப்பெண்ணில் இருக்கிறது, காலின் எண்ணிக்கையிலோ நீளத்திலோ இல்லை. வாயும் அப்படித்தான், எங்கே வைத்தால் என்ன. உடல் அமைப்புக்கும் வாழும் முறைக்கும் தொடர்பே இல்லாமல் பரிணாமமா? பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வாங்கிய எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே டிஸ்க்கை மூன்று தடவைக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்று வேறு ஆரம்பத்தில் வைத்திருந்தார்கள்.

பிராணி செய்கிற பகுதி மட்டும் இன்றைக்கும் அருமை, அதை மறுக்க மாட்டேன். என் பெண் எல்.கே.ஜி-யில் இருக்கும்போது அதில்தான் முதன்முதலாக மவுஸ் பிடித்தாள்.

#6 வெண்ணாற்றங்கரை

டீச்சர், அந்த ஆறு கால் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இதற்காகத்தான் இழை ஆரம்பித்தேன், நன்றி.

#7 தென்னந்தோப்பு (பேராவூரணி)

ஃபால்அவுட் 76. எனக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கஜாதான் ஞாபகம் வரும். 2018 நவம்பர் 14 கேம் வெளியானது, 16 விடியற்காலை புயல் கரையேறியது.

அதற்கு முந்தைய ஃபால்அவுட் 4-ல் நானூறு மணி நேரம் போட்டவன் நான். புதுசுக்காகத் தேங்காய் வெட்டுக் காசில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் தோப்பே இல்லை. எங்கள் தெருவுக்கு கரண்ட் வர 27 நாள் ஆனது. அந்த நாட்களில் கேமை நினைக்கக்கூட இல்லை. கரண்ட் வந்து, போன் சார்ஜ் ஏறி, நெட் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் படித்தேன். அணுகுண்டு விழுந்த உலகம், ஆனால் பேச ஒரு மனிதர் இல்லை. ரோபோவும், செத்தவர்கள் விட்டுப்போன ஒலிப்பதிவும்தான். மற்ற ஆட்டக்காரர்களே மனிதர்கள், அவர்களே கதையை உண்டாக்குவார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். அந்தத் தொடரின் உயிரே வழியில் சந்திக்கிற ஆட்கள் சொல்லும் கதைதான். மனிதக் கதாபாத்திரங்களைச் சேர்த்தது 2020 ஏப்ரலில்.

200 டாலர் பதிப்பு ஒன்று விற்றார்கள், அதோடு கேன்வாஸ் துணியில் பை தருவதாக விளம்பரம். வந்தது மெல்லிய நைலான். கேட்டவர்களுக்கு முதலில் கேமுக்குள் செலவழிக்கிற ஐந்து டாலர் மதிப்புள்ள காசு, சத்தம் பெரிதான பிறகுதான் கேன்வாஸ் பை. நாங்கள் அந்த மாதம் முழுக்கத் தார்ப்பாயில் வாழ்ந்தோம். இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே இது எத்தனை மழை தாங்கும் என்று சொல்லிவிடுவோம். அதனால் அந்த நைலான் பை படத்தைப் பார்த்ததும் எனக்குப் பட்டது, கையில் தொட்டவன் எவனும் இதை கேன்வாஸ் என்று அனுப்பியிருக்க முடியாது.

#8 தி.பூண்டி பையன்

அண்ணன்களே, ஃபௌஜி என்கிற மொபைல் கேமை விட்டுவிட்டீர்களே. எங்கள் செட்டுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம்.

2020 செப்டம்பர் 2 பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள், 4-ஆம் தேதி அக்‌ஷய் குமார் இதை அறிவித்தார். பப்ஜிக்கு மாற்று என்று வாட்சப் முழுக்க ஓடியது. 2021 ஜனவரி 26 காலையில் எங்கள் தெரு மதகு மேல் ஏழு பேர் உட்கார்ந்து டவுன்லோடு போட்டோம், எனக்கும் இன்னொருத்தனுக்கும்தான் டேட்டா இருந்தது, மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட். திறந்தால் தனி ஆள் ஆட்டம் மட்டும், நாலு பேர் சேர்ந்து ஆட வழியில்லை, துப்பாக்கியும் கிடையாது, கையாலும் தடியாலும் அடிக்க வேண்டும். கல்வான் பள்ளத்தாக்கு கதை என்பதால் துப்பாக்கி இல்லை, அது எங்களுக்கும் புரிந்தது. ஆனால் பப்ஜி இடத்துக்கு வருகிறது என்று நாலு மாதம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, இது வேறு மாதிரி கேம் என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். அறிவித்தபோதே பல பேர் விளையாடுகிற கேம் என்றுதான் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஏழு போனிலும் அழித்தாச்சு.

பெங்களூர்க்காரர்கள் செய்தது என்று பெருமையாகத்தான் உட்கார்ந்தோம். அதனால்தான் வலித்தது.

#9 கடைமடை

நேற்று நான் பாதியில் விட்டுவிட்டேன், மீதியை எழுதுகிறேன். நோ மேன்ஸ் ஸ்கை ஆட்கள் ஓடிப் போகவில்லை. பல மாதம் வாயே திறக்காமல் வேலை செய்தார்கள். 2016 நவம்பரில் முதல் பெரிய அப்டேட், 2018 ஜூலையில் உண்மையாகவே ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற மாதிரி ஆக்கினார்கள், இன்றைக்கு வரை அப்டேட்டுக்குக் காசு கேட்டதில்லை. நான் இப்போதும் வாரம் ஒரு நாள் விளையாடுகிறேன். என் கிரகத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்தான்.

#10 மன்னை மாப்ளே

> என் கிரகத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்தான்.

சந்தோஷம் அண்ணே. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாள் முழு விலை கொடுத்தவன் இரண்டு வருஷம் கழித்து அதைப் பெறுகிறான், பொறுத்திருந்து பாதி விலைக்கு வாங்கியவனுக்கு முதல் நாளே முழுசாகக் கிடைக்கிறது. நம்பியவனுக்கு இது தண்டனை இல்லையா? சைபர்பங்க்கும் 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அருமையான கேம், மாமா பையன் புது மெஷினில் நானே முடித்தேன், கண் கலங்கினேன். ஆனால் எல்லோரும் திருத்தியதை மட்டும் கொண்டாடினால், அரைவேக்காட்டில் இறக்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அடுத்தவனுக்கு வரும்.

#11 திருவையாறு டெஸ்டர்

மாப்ளே பக்கம்தான் நான். திருத்துகிறவர்களை நாம் பெயர் சொல்லிப் பேசுகிறோம், திருத்தாமல் விட்டவை மறந்துபோகின்றன. ஆன்தம் 2019 பிப்ரவரியில் வந்தது, அடியோடு மாற்றுகிறோம் என்றார்கள், 2021 பிப்ரவரியில் அந்த வேலையைக் கைவிட்டார்கள், 2026 ஜனவரி 12-உடன் சர்வரையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அது எப்போதும் சர்வரோடு இணைந்தே ஓடுகிற கேம், சர்வர் இல்லை என்றால் டிஸ்க் வெறும் தட்டு. கான்கார்டு அதைவிடச் சீக்கிரம், 2024 ஆகஸ்டு 23 வெளியீடு, செப்டம்பர் 6 மூடல். அங்கே எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது மரியாதையான காரியம்.

#12 காரைக்கால் கடற்கரை

பணம் திருப்பிக் கொடுப்பது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. நம் பக்கம் பலர் டிஸ்க் வாங்கி, முடித்துவிட்டு, ஆயிரம் குறைத்து அடுத்தவருக்குக் கைமாற்றுகிறவர்கள். நான் ஒரு தடவை திருச்சி கடை ஒன்றில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கொடுத்து ஒரு ஷூட்டிங் கேம் வாங்கினேன், பெயர் வேண்டாம். மூன்றாம் நாளே ஊரெல்லாம் மோசம் என்று பேச்சு, கடைக்காரர் பிரித்த டிஸ்க்கை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார், வாங்கவும் ஆள் இல்லை. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என் அரை மாதப் பஸ் செலவும் சாப்பாடும்.

பிசிக்காரர்களுக்கு ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் 2015-ல் இருந்து வழி இருக்கிறது, வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் காசு திரும்பும். ஒன்று கவனியுங்கள், கேமைத் திறந்து மெனுவில் விட்டுவிட்டு சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும்.

#13 அரசலாறு

மன்னை தம்பி சொன்னது நியாயம். ஆனால் காத்திருந்து வாங்கு என்று சொல்லும்போது எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்த 2005 வீடியோவில் இருந்து 2008 வரை நான் அந்த கேமை மனசுக்குள் விளையாடினேன், அந்த மூன்று வருஷம் எனக்கு உண்மையாகவே நன்றாக இருந்தது. என் பிள்ளைகள் ஒரு விஷயத்துக்காக அப்படி நாள் எண்ணக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் எண்ணட்டும். காசை மட்டும் கையில் வைத்திருக்கட்டும்.

#14 தென்னந்தோப்பு

அப்போ ஜிடிஏ 6? முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பர். 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, பிறகு நவம்பர் 19. வெண்ணாற்றங்கரை அண்ணன் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

#15 வெண்ணாற்றங்கரை

முன்பணம் கட்ட மாட்டேன் தம்பி. பையனிடமும் சொல்லியாச்சு, அவன் முறைத்துக்கொண்டிருக்கிறான். முதல் வாரம் மற்றவர்கள் விளையாடுவதைப் பார்ப்போம், மெஷினில் எப்படி ஓடுகிறது என்று தெரியட்டும், அறுப்பு முடிந்து கையில் காசு வந்ததும் பொங்கலுக்கு வாங்குவோம். அது திரும்பவும் வைஸ் சிட்டி, முதல் ட்ரெய்லரை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன், ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாங்கிய அன்றைக்கு முதல் வேலையாக மழை பெய்கிற வரை ஊரைச் சுற்றுவேன். தூரம் முதலில் மங்குகிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.